டிக்கியில் தண்ணீர்க் கேனோடு கார் ஓட்டும் நண்பர்களுக்கு



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பானட்டைத் தூக்கி, பழைய குளிர்பான பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவீர்கள். யாராவது கேட்டால் "இருபது வருஷ வண்டி, கொஞ்சம் தண்ணி குடிக்கும்" என்பீர்கள், பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில். நானும் ஆறு மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

வண்டி தண்ணீர் குடிக்காது. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் மூடிய வட்டத்துக்குள் சுற்றுவது. சூடானால் விரிந்து ரிசர்வ் டேங்குக்குப் போகும். ஆறினால் திரும்பி ரேடியேட்டருக்கு வரும். சரியாக இருக்கிற வண்டியில் மாதக்கணக்கில் அளவு மாறாது. வாரா வாரம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அது எங்கேயோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழிதான் டிக்கியில் இருக்கும் கேன்.

ஒரு காலத்தில் இது குற்றமில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். சுமார் நூறு கிலோமீட்டர். அந்த எஞ்சின் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கித்தான் தன்னைக் குளிரவைத்துக்கொண்டது. ஆகவே வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நம் வண்டிகள் அப்படிச் செய்யப்பட்டவை அல்ல.

என் கதைக்கு வருகிறேன். சேலத்தில் இருக்கிறேன். வண்டி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சின்னக் கார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், தப்பு அவர்களுடையதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தைத் தாண்டும்போதே டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேலே போயிருந்தது. ஏசியை அணைத்தேன். பன்னிரண்டாவது வளைவில் முள் மளமளவென்று கீழே இறங்கியது. "அப்பாடா" என்றேன். மனைவிதான் கேட்டாள்: "அது எப்படிங்க, ஏறிக்கிட்டே இருக்கோம், சூடு மட்டும் குறையுது?"

அவள் கேட்டது சரி. முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் கூலன்ட்டில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது வெறும் ஆவியில் நின்றுகொண்டு பொய்க்கணக்குச் சொல்லும். முள் திடீரென்று விழுவது, ஏறுவதைவிட மோசமான சேதி. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. எஞ்சின் கடகடவென்று தட்ட ஆரம்பித்த பிறகுதான் ஓரம் கட்டினேன்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சூட்டோடு மூடியைத் திறக்கக்கூடாது என்பதாவது தெரிந்திருந்தது. ஆறிய பிறகு கேனிலிருந்து ஊற்றினேன். ஏறக்குறைய மூன்று லிட்டர் பிடித்தது. வண்டியின் மொத்தக் கொள்ளளவே நாலு லிட்டர்தான்.

மலையில் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நம் அடுக்களையிலேயே பதில் இருக்கிறது. குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை பிடித்துவைக்கும் என்ற கணக்கு அது. 0.9 என்றால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. குக்கர் கேஸ்கட் போய்விட்டால் விசிலே வராதல்லவா, அப்படித்தான் எங்காவது கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் அழுத்தம் இல்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது எஞ்சின் வழக்கமாக ஓடுகிற சூடு. ஆக, ஊருக்குள் வாரத்துக்கு ஒரு டம்ளர் என்று சாதுவாக இருக்கிற கசிவு, மலைக்கு வந்ததும் தன் முகத்தைக் காட்டுகிறது.

கீழே இறங்கியதும் ஒரு பணிமனைக்குப் போனேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். "லீக் எதுவும் தெரியல சார். ரேடியேட்டர் அடைச்சிருக்கும், மாத்திரலாம்" என்றார்கள். மாற்றினேன். கையிலிருந்த காசு போனது; தண்ணீர் போவது நிற்கவில்லை. அடுத்த இடத்தில் பார்த்த உடனேயே, "ஹெட் கேஸ்கட். ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆகவே தண்ணீர் எஞ்சினுக்குள்தான் போகிறது என்பது அவர்கள் தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முன்பணமாக எவ்வளவு தர வேண்டும் என்றுகூடக் கேட்டுவிட்டேன். இதற்கிடையில் ஒரு சொந்தக்காரர், ரேடியேட்டரில் ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போடச் சொன்னார். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற கைவைத்தியம்தான், ஊசிமுனை ஓட்டையை அது அடைக்கவும் செய்யும். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று வித்தியாசம் தெரியாது. கடையில் டப்பாவில் விற்கிற சீலன்ட்டும் அந்த விஷயத்தில் மஞ்சளுக்கு அண்ணன்தான். நடுரோட்டில் நிற்கும்போது போட்டு வீடு வந்து சேரலாம். அதோடு வருஷக்கணக்கில் ஓட்டக் கூடாது.

மூன்றாவதாகப் போன இடம் தகரக் கொட்டகை. அறுபது வயது தாண்டிய மெக்கானிக். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வாரத்துக்கு எவ்வளவு குறையுதுங்க சார்?" என்றார். "கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம்னா எவ்வளவுங்க? அரை டம்ளரா, ஒரு சொம்பா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் ஊற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட அளக்கவில்லை. "ஒரு வாரம் அளந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மார்க்கர் பேனாவால் ரிசர்வ் டேங்க்கில் கோடு போடச் சொன்னார். காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். டேங்க்கை மட்டும் நம்பாமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்கச் சொன்னார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூடியில் உள்ள சின்ன வால்வோ, டேங்க்குக்குப் போகிற மெல்லிய ஹோஸோ கெட்டிருந்தால், ஆறும்போது எஞ்சின் டேங்க்கிலிருந்து கூலன்ட்டை இழுக்காமல் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். டேங்க்கில் கோடு அப்படியே நிற்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரத்தில் 300 மில்லி.

எட்டாம் நாள் காலை, வண்டியை முந்தின இரவே அவர் கொட்டகையில் விட்டிருந்தேன், ஆறு மணிக்குப் போனேன். எஞ்சினை அவர் ஸ்டார்ட்டே செய்யவில்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதனத்தை மாட்டினார்: சைக்கிள் பம்பு மாதிரி கைப்பிடி, தலையில் ஒரு வட்டமான மீட்டர். மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுவரைக்கும்தான் அடிப்பார், அதற்குமேல் ஒரு அடி கிடையாது. மேலே போனால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும் என்றார். முள் 0.9-க்கு வந்ததும் கையை எடுத்தார். "மூடியைத் திறந்து வெச்சுட்டு லீக் தேடுனா எப்படிங்க கிடைக்கும்? அழுத்தம் இருந்தாத்தானே ஒழுகும்" என்றார், முதல் பணிமனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்புறம் டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரேடியோவை நிறுத்தினார். பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஓடியதை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சந்தில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கையால் அழைத்தார். மெல்லிய "ஸ்ஸ்" சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டு ரொம்ப தூரத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

கை நுழையாத இடம். என் போனை வாங்கி, டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு ஒரு குச்சியில் கட்டி உள்ளே இறக்கினார். திரும்பப் போட்டுப் பார்த்தோம். இன்டேக் மேனிபோல்டுக்கு அடியில், எஞ்சின் பிளாக்கின் முதுகை ஒட்டி, வாட்டர் பம்புக்குப் போகிற இரும்புக் குழாய். அதைப் பிடித்து நிறுத்தும் பட்டைக்குக் கீழே, காய்ந்த உப்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. அந்தப் பொருக்கின் நடுவிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு நீர்க்கோடு பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஓடும்போது அது சூடான பிளாக்கின் மேல் அடித்து அங்கேயே ஆவியாகிவிடும். தரையில் சொட்டு எப்படி விழும்?

குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் லேசான துரு. உள்ளே விரலை விட்டபோது பொரபொரவென்று செதில் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். "கூலன்ட் வாசமே இல்லீங்களே. என்ன தண்ணி ஊத்துனீங்க?"

போர் தண்ணீர். வேறென்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் என்றால் 26 வாரம். வாரத்துக்கு 300 மில்லி. மொத்தம் 7.8 லிட்டர். நாலு லிட்டர் பிடிக்கிற எஞ்சினுக்குள் ஏறக்குறைய எட்டு லிட்டர் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் கூலன்ட் போனது, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் வெறும் தண்ணீர் வந்தது. முதலில் இருந்த கூலன்ட்டில் ஏழில் ஒரு பங்குகூடக் கடைசியில் மிஞ்சியிருக்காது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) கிடைக்கிற ஊர் எங்கள் ஊர். போர் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அறிய, அந்தத் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே போதும். நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கலந்திருக்கிற துருத்தடுப்பு மருந்துக்காகத்தான். அது இல்லாத தண்ணீர் இரும்புக் குழாயைத் தின்னும், பிளாக்கில் அடித்திருக்கும் தட்டை மூடிகளைத் தின்னும், அலுமினிய ஹெட்டையும் விடாது. முதல் ஓட்டை எப்படி வந்தது என்று தெரியாது. அதை வளர்த்தது என் கேன். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எல்லார் வண்டியிலும் அந்தக் குழாய்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வண்டியில் ஒளிந்து ஒழுகும் இடங்கள் வேறு சில உண்டு. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே சீல் போனால் அதன் வழியே ஒழுகிக் காட்டிக்கொடுக்க. பெல்ட்டும் கவரும் மறைப்பதால் அது நம் கண்ணில் படாது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையில் மயிரிழை விரிசல் இருக்கும். சூட்டில் மட்டும் திறந்துகொள்ளும். சில கிளாம்ப்கள் நேர்மாறு: விடியற்காலையில் உலோகமும் ரப்பரும் சுருங்கியிருக்கும்போது கசியும், எஞ்சின் சூடானதும் இறுகிவிடும்.

என் நண்பர் ஒருவர் வண்டியில் நடந்தது இன்னும் வேடிக்கை. முன் இடது சீட்டின் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் ஈரம். ஏசித் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டது என்று இரண்டு முறை சுத்தம் செய்தார். மழைநாளில் முன்கண்ணாடியில் உள்பக்கம் புகைமூட்டம் மாதிரி படிந்தது, துடைத்தால் விரலில் எண்ணெய்ப் பசை. அது ஏசித் தண்ணீர் இல்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? இருபது வருடம் தொடாத பொருள் என்பதால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஈரத்தில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்தால் தெரிந்துவிடும்: ஏசித் தண்ணீர் நிறமின்றி வாசமின்றி இருக்கும், கூலன்ட் சாயம் ஏற்றும், வழவழக்கும், லேசாக இனிப்பு வாசம் அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். அந்த இனிப்புக்காகவே தெருநாய்கள் நக்கிச் செத்துப்போகும். கூலன்ட்டை வடிக்கும்போது தரையில் விடாதீர்கள்.

ஹெட் கேஸ்கட் என்று சொன்ன இரண்டாவது பணிமனையைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். அதுவும் நடக்கிறதுதான், பல முறை கொதித்த எஞ்சினில் நிறையவே நடக்கிறது. எஞ்சின் ஆறிக்கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து ரெண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப்புகை போனால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆயில் பாலாடை மாதிரி ஆகியிருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தால், தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது சகஜம். ஆனால் சந்தேகம் வேறு, ஹெட்டை இறக்குவது வேறு. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீல நிற மருந்து ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். கால் மணி நேர வேலை. அதைக்கூடப் பார்க்காமல் "ஹெட்டை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன். "நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்ல சார்" என்று கழற்றித் தூர எறிகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். என் வண்டியிலும் எறிந்திருந்தார்கள், எப்போது என்றே தெரியாது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். முள் எப்போதும் கீழேயே கிடப்பதால் சூடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். புதிது போட்டேன்.

பழைய குழாய் மாதிரியே துருப்பிடிக்காத எஃகில் லேத்தில் செய்து போட்டார் பெரியவர். உள்ளே இருந்ததையெல்லாம் மூன்று முறை அலசி வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார். பச்சையா சிவப்பா என்று கேட்டேன். "கலரு வெறும் சாயம்ங்க. டப்பாவுல என்ன போட்டிருக்கு, உங்க வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றார். மறுபடி பம்பை மாட்டி 0.9-க்கு ஏற்றினார். டீ குடித்தோம், இட்லி சாப்பிட்டோம், முள் அசையவில்லை. ஆன செலவு, முதலில் வீணாய் மாற்றிய ரேடியேட்டரில் பாதிகூட இல்லை.

ஆகவே நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை எடுக்குமுன், ஒரு மார்க்கர் பேனாவோடு பானட்டைத் திறங்கள். கோடு போடுங்கள், தேதி எழுதுங்கள். ராத்திரி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மெக்கானிக்கிடம் போகும்போது "தண்ணி குறையுது" என்று சொல்லாமல், இத்தனை மில்லி என்று சொல்லுங்கள். உங்களிடம் அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது இருக்கிற மெக்கானிக்கைத் தேடிப் போங்கள், எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். அதுவரை ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போர் தண்ணீரை விட்டுவிட்டு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும்.

போன மாதம் திரும்பவும் ஏற்காடு போய்வந்தோம். ஏசி போட்டபடியே ஏறினோம். ஐந்து லிட்டர் கேன் இப்போது வீட்டு மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், கலந்தே விற்கிற கூலன்ட் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கிறது. வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் சீல் உடைக்கவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவனாக இருந்தவன்
சேலம்